தீட்டாத அம்பு



உங்கள் சமையலறைக் கத்தியைக் கடைசியாக எப்போது தீட்டினீர்கள்? நம்மில் பலருக்கு நினைவே இராது. தக்காளி நசுங்குகிறது, வெங்காயத்தின்மேல் கத்தி வழுக்குகிறது. அப்போதும் நாம் கத்தியைத் தீட்டுவதில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்துகிறோம். விரலை வெட்டிக்கொள்வதும் பெரும்பாலும் அந்த வேளையில்தான். கூரான கத்தி வைத்த இடத்தில் இறங்கும். மழுங்கிய கத்தி சறுக்கி, நாம் நினையாத இடத்தில் போய் இறங்கும்.

இந்த வாரம் நான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புவது வேட்டை அம்பின் முனையைத் தீட்டுவதைப்பற்றி. ஒரு போதகனுக்கும் வேட்டை அம்புக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் புன்னகை செய்யலாம். கடந்த செப்டம்பர் மாதத்தில் என் அண்டை வீட்டுப் பெரியவரின் கராஜில் நான் கற்றுக்கொண்டது அது. அதைச் சொல்லும்போது, அதற்கு முன் நம் சபையில் நான் செய்த ஒரு தவற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தவற்றினால் காயப்பட்ட சகோதரரிடம் அனுமதி பெற்றுத்தான் எழுதுகிறேன். அவர் யார் என்று உங்களில் சிலர் அறிவீர்கள். அறிந்தவர்கள் அறிந்ததோடு நிறுத்திக்கொள்ளும்படியும், அறியாதவர்கள் தேடாதிருக்கும்படியும் அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டு வேலிக்கு அப்பால் வசிக்கும் பெரியவர், டெட்ராய்ட் கார்த் தொழிலுக்கு வேண்டிய அச்சுகளைச் செய்யும் பட்டறையில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்து தனியே வாழ்கிறார். ஒருநாள் மாலை, இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கராஜின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அரத்தின் ஓசை, மூச்சு விடுவதுபோல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. மேசையின் பிடிப்புக் கருவியில் இலை வடிவமான ஓர் இரும்புத் துண்டு இறுகியிருந்தது. என்னவென்று கேட்டேன். மான் வேட்டைக்கான அம்பு முனை என்றார்.

மிச்சிகன் மாநிலத்தில் வில் வேட்டைக் காலம் அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கி நவம்பர் 14 வரை நடக்கும். அதன்பின் நவம்பர் மாதத்தின் எஞ்சிய நாட்கள் துப்பாக்கிக்கு உரியவை. அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். மானுக்கு எய்யும் அம்பின் முனை குறைந்தது எட்டில் ஏழு பங்கு அங்குல அகலம், அதாவது சுமார் 22 மில்லிமீட்டர், இருக்க வேண்டும் என்று சட்டமே விதித்திருக்கிறது. கடைகளில் அருமையான முனைகள் கிடைக்கின்றன. ஆனாலும் இவர் தம் கையாலேயே செய்கிறார். "கடையில் வாங்கியது நன்றாக இருக்கும் என்று நம்புவேன், பாஸ்டர். நானே செய்தது எப்படி இருக்கிறது என்று அறிவேன்" என்றார்.

பழைய வட்ட ரம்பத்தின் தகடுதான் மூலப்பொருள். அதைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிடுவார். இரும்பு இளகி, அறுக்கவும் அராவவும் இடங்கொடுக்கும். இலை வடிவில் அறுத்து, அம்புத் தண்டு பொருந்தும் சிறு குழாயைப் பித்தளை கொண்டு பற்றவைப்பார். மறுபடியும் உலையில் காய்ச்சுவார். அவ்வப்போது ஒரு காந்தத்தை அருகே கொண்டுபோவார். செஞ்சூட்டில் ஒரு கட்டத்துக்குமேல் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. அந்தக் கட்டத்தைத் தாண்டியதும் எடுத்து, இளஞ்சூடான எண்ணெயில் தோய்ப்பார். இப்போது அது கண்ணாடிபோல் கடினமாகிவிடும். எலும்பில் பட்டால் நொறுங்கியும் விடும். ஆகவே அடுப்பில் இருநூறு டிகிரிக்குச் சற்று மேலான சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து, அந்த முரட்டுத்தன்மையைத் தணிப்பார். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பின்மேல் வைக்கோல் நிறம் படரும்போது பதம் வந்துவிட்டது என்று பொருள். மடங்கவும் மடங்காது, உடையவும் உடையாது, அரமும் இன்னும் பிடிக்கும்.

இவ்வளவு செய்து முடித்தபின் அந்த முனை பார்வைக்கு அழகாயிருந்தது. நான் விரலால் தொட்டுப் பார்த்து, "முடிந்துவிட்டதே" என்றேன். அவர் சிரித்தார். "வடிவம்தான் முடிந்திருக்கிறது. இனிமேல்தான் வேலை."

அன்று அவர் சொன்ன ஒரு சம்பவத்தை என்னால் மறக்க முடியவில்லை. இளைஞனாயிருந்த காலத்தில் அவர் பயிற்சிக்காக மண்மேட்டில் எய்த அம்பையே, மறுபடி தீட்டாமல், வேட்டைக்கும் எடுத்துச் சென்றாராம். மணல் ஒரு தடவை பட்டாலே முனையின் கூர் போய்விடும். ஆனால் பார்வைக்குத் தெரியாது. ஒரு பெண்மான் வந்தது. எய்தார். பட்டது. மான் ஓடியது. இரத்தத் துளிகளைப் பின்தொடர்ந்து முந்நூறு அடி நடந்தார். அதன்பின் துளிகள் நின்றுவிட்டன. அன்று இருட்டும்வரையும் மறுநாள் முழுவதும் தேடினார். மானைக் காணவில்லை.

"துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியால் கொல்லும். அம்பு வெட்டினால்தான் கொல்லும்" என்று அவர் விளக்கினார். "கூரான முனை இரத்தக் குழாயைச் சுத்தமாக அறுத்துவிடும். சில விநாடிகளில் மான் விழுந்துவிடும். மழுங்கிய முனை இரத்தக் குழாயை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகும், அல்லது கிழிக்கும். கிழிந்த இடத்தில் இரத்தம் சீக்கிரம் உறையும். மான் பிழைக்கவும் பிழைக்காது, சாகவும் சாகாது. அந்த மான் எத்தனை நாள் எங்கே படுத்துக்கிடந்ததோ, எனக்குத் தெரியாது."

சற்றுநேரம் அரத்தைக் கீழே வைத்துவிட்டு அமைதியாயிருந்தார். பிறகு, "மழுங்கின முனைக்கு மான்மேல் இரக்கம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், பாஸ்டர்" என்றார்.

பிரியமானவர்களே, அவர் மானைப்பற்றித்தான் பேசினார். என் மனசாட்சியோ வேறொருவரைக் காட்டியது.

நம் சபையில் ஒரு சகோதரர், பங்குச் சந்தையில் போட்டு இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொல்லி, சில குடும்பங்களிடம் பணம் வாங்கியிருந்தார். ஏமாற்றும் எண்ணத்தோடு வாங்கவில்லை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் பணம் கரைந்துவிட்டது. கேட்டவர்களுக்கு அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கொடுத்தவர்கள் என்னிடம் வந்தார்கள். நான் அவரிடம் நேரே போய்ப் பேசியிருக்க வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடனைப்பற்றிப் பிரசங்கம் செய்தேன். அவர் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த அவரைப் பலர் திரும்பிப் பார்த்தார்கள். ஆராதனைக்குப்பின் தேநீர் வேளையில் அவர் தோளில் கைபோட்டு, "தம்பி, எல்லாம் நல்லபடியாக இருக்கிறதல்லவா? உங்களுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன். அவர் முகம் வெளுத்தது. எனக்கு எல்லாம் தெரியும் என்பதை அவர் அறிந்துகொண்டார். நான் அவரிடம் என்ன எதிர்பார்க்கிறேன் என்பதை மட்டும் அறியவில்லை. மூன்று வாரங்களுக்குப்பின் அந்தக் குடும்பம் வருவதை நிறுத்திவிட்டது. ஏழு மாதங்கள் கழிந்தன.

அந்த ஏழு மாதங்களும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது என்ன தெரியுமா? நான் மென்மையாக நடந்துகொண்டேன் என்பதுதான். கடிந்துகொள்ளவில்லை, அவமானப்படுத்தவில்லை, பெயர் சொல்லவில்லை என்று எனக்கு நானே சாட்சி கொடுத்தேன். அன்று மாலை அந்தக் கராஜில் நின்றபோதுதான், நான் மென்மை என்று பெயரிட்டிருந்தது வெறும் மழுங்கல் என்று கண்டேன். மழுங்கிய முனையால் ஒரு மனிதனைக் குத்திவிட்டு, அவர் எங்கே போய்ப் படுத்துக்கிடக்கிறார் என்று தேடவும் இல்லை.

மறுநாளும் நான் அவரிடம் போனேன். எனக்கும் தீட்டக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன். எதற்காக என்று அவர் கேட்கவில்லை. ஒரு முனையையும் ஓர் அரத்தையும் என் கையில் கொடுத்தார். அந்த மாதத்தில் நான் கற்றுக்கொண்ட மூன்று காரியங்களை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

முதலாவது, மை. தீட்டத் தொடங்குமுன், முனையின் சரிவான ஓரம் முழுவதிலும் கறுப்பு மார்க்கர் பேனாவால் மை பூசச் சொன்னார். பிறகு, ஒரு பக்கத்துக்கு இருபது முதல் இருபத்தைந்து டிகிரி சாய்வில் அரத்தை வைத்து, இரண்டு தடவை மட்டும் இழுத்துவிட்டு வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னார். அரம் பட்ட இடத்தில் மை போயிருக்கும். படாத இடத்தில் அப்படியே நிற்கும். என் முனையில் நடுப்பகுதி மட்டும் வெளுத்திருந்தது. வெட்டவேண்டிய ஓரத்தில் ஒரு மயிரிழை அளவு மை கறுப்பாகவே இருந்தது. நான் அரை மணி நேரம் உழைத்திருந்தாலும் அந்த ஓரத்தை அரம் தொட்டிருக்காது. உழைத்த களைப்பு மட்டும் உண்மையாயிருந்திருக்கும்.

அந்தச் சகோதரருக்காக நான் ஜெபித்தது உண்மை. பலநாள் ஜெபித்தேன். ஆனால் என் ஜெபம் தொடாத ஒரு கறுப்பு ஓரம் இருந்தது. அது என் பயம். அவர் கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ, அவருடைய உறவினர் குடும்பங்களும் பிரிந்துவிடுமோ, சிறிய சபை இன்னும் சிறிதாகிவிடுமோ என்ற பயம். அந்த இடத்தைத் தேவனுடைய வெளிச்சத்தில் நான் ஒருநாளும் பிடித்துப் பார்க்கவில்லை.

இரண்டாவது, பிசிறு. ஒரு பக்கத்தைத் தொடர்ந்து அராவும்போது, இரும்பு மெலிந்து மெலிந்து, எதிர்ப்பக்கமாக ஒரு மெல்லிய பிசிறு சுருண்டு எழும்பும். விரல் நுனியை ஓரத்திலிருந்து வெளிப்புறமாக மெல்ல இழுத்தால் அது தட்டுப்படும். எனக்கு முதன்முதலாகப் பிசிறு எழும்பியபோது, "அப்பா, என்ன கூர்!" என்று மகிழ்ந்தேன். அவர் தலையை அசைத்தார். "பிசிறு கையைக் கீறும். ஆனால் வெட்டாது. தோலில் பட்டதுமே மடங்கிவிடும். மடங்கினபின் முனை முன்னைவிட மழுங்கலாகிவிடும். தீட்டத் தெரியாத பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள்."

இதையும் நான் எனக்கே எடுத்துக்கொண்டேன். நாம் சில நாட்களில் கூர்மையாகப் பேசிவிடுகிறோம் அல்லவா? பிள்ளைகளிடம், வாழ்க்கைத் துணையிடம், சபைக் கமிட்டிக் கூட்டத்தில். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன் என்று பெருமையும் கொள்ளுகிறோம். அதில் பெரும்பகுதி பிசிறுதான். கோபம், மனக்கசப்பு, எப்போதோ பட்ட அவமானம், இவையே வார்த்தையின் ஓரத்தில் சுருண்டு நின்று கீறுகின்றன. கேட்டவர்மேல் கீறல் விழுகிறது. சத்தியம் உள்ளே இறங்குவதில்லை. மழுங்கலான வார்த்தையும் பிசிறான வார்த்தையும் எதிரெதிரானவை என்று எண்ணியிருந்தேன். இரண்டுமே தீட்டி முடிக்காதவை என்று அந்தப் பெரியவர் எனக்குக் காட்டினார்.

மூன்றாவது, தோல். பிசிறை எடுக்க, இரு பக்கங்களையும் மாற்றி மாற்றி, வரவர அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே தீட்ட வேண்டும். முதலில் அரம், பிறகு நயமான சாணைக்கல், கடைசியாகத் தோல். தோலின்மேல் இழுக்கும்போது முனையின் பாரத்தைத் தவிர வேறு அழுத்தம் இருக்கலாகாது. நானோ ஆரம்பமுதல் பலங்கொண்டமட்டும் அழுத்தினேன். அழுத்தினால் சாய்வு மாறும். சாய்வு மாறினால் ஓரம் உருண்டுவிடும். கைவலிதான் மிச்சமாயிற்று. அப்போது பிரசங்கி புத்தகத்தின் 10ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. இரும்பு மழுங்கலாயிருந்து, அதைத் தீட்டாமற்போனால் அதிக பலத்தைச் செலவிட வேண்டியிருக்கும் என்று அங்கே ஞானி கணக்குச் சொல்லுகிறார். என் பிரசங்கங்களில் குரல் உயர்ந்த இடங்களை எண்ணிப் பார்த்தேன். அவற்றில் பல, நான் சரியாக ஆயத்தப்படாத இடங்கள்.

என் தாத்தா பனையேறியவர். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக் காட்டில், விடியுமுன் ஒரு பலகையின்மேல் வெள்ளைக்கல் பொடியைத் தூவி, பாளை அரிவாளைத் தீட்டுவார். பாளையின் நுனியை ஒவ்வொரு வேளையும் மெல்லிசாகச் சீவினால்தான் பதநீர் வடியும். அரிவாள் மழுங்கியிருந்தால் பாளை நசுங்கும். நசுங்கிய பாளையில் ஊற்று அடைபடும். சிறுவனான நான், "ஏன் தாத்தா தினமும் தீட்டுகிறீர்கள்?" என்று கேட்டதுண்டு. "பாளைக்கு நோகக்கூடாதுல்லா" என்பார். ஐம்பது ஆண்டுகளுக்குப்பின், உலகத்தின் மறுகோடியில், வேறொரு பெரியவர் வாயிலிருந்து அதே வார்த்தையைக் கேட்கத் தேவன் எனக்கு அருள்புரிந்தார்.

கூர்மை என்பது சேர்ப்பதால் வருவதல்ல என்பதையும் அங்கேதான் கண்ணாரக் கண்டேன். ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் இரும்பு தூளாக உதிர்கிறது. 1911ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் என்ற ஊருக்கருகே, யாஹி என்னும் பழங்குடியின் கடைசி மனிதர் தன்னந்தனியாகக் காட்டிலிருந்து வெளிவந்தார். இஷி என்று அவரை அழைத்தார்கள். தம் வாழ்வின் எஞ்சிய ஆண்டுகளை சான் பிரான்சிஸ்கோவின் அருங்காட்சியகத்தில் கழித்த அவர், எரிமலைக் கண்ணாடியிலும் உடைந்த பாட்டில் கண்ணாடியிலும் அம்பு முனைகள் செய்வார். மான்கொம்பின் நுனியால் ஓரத்தை அழுத்தி, செதில் செதிலாகப் பெயர்த்தெடுப்பார். அவரிடம் வில்வித்தை பயின்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப், பிற்காலத்தில் தமக்கென இரும்பு முனைகள் செய்துகொண்டார். கல்லானாலும் கண்ணாடியானாலும் இரும்பானாலும் விதி ஒன்றே: இழக்க மனமில்லாதது கூராவதில்லை. என் பயத்தையும், எல்லாருக்கும் நல்லவனாயிருக்கவேண்டும் என்ற என் ஆசையையும் நான் இழக்க வேண்டியிருந்தது.

வேதத்தில் 1 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். அந்நாட்களில் இஸ்ரவேல் தேசத்தில் ஒரு கொல்லனும் இல்லை. கொழுமுனையையும் கோடரியையும் தீட்ட, ஜனங்கள் தங்கள் சத்துருக்களாகிய பெலிஸ்தரிடமே போகவேண்டியிருந்தது. அங்கே வரும் ஒரு எபிரெயச் சொல்லின் பொருள் நெடுங்காலம் விளங்கவில்லை. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் அதை அரம் என்று எண்ணினார்கள். நம் பழைய தமிழ் வேதாகமத்திலும் அரம் என்றே இருக்கிறது. பிற்காலத்தில் அகழாய்வுகளில், பிம் என்று பொறித்த சிறு எடைக்கற்கள் கிடைத்தன. ஒன்றின் எடை ஏறக்குறைய ஏழரை கிராம். ஒரு சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கு. அது தீட்டுக் கூலி என்று இப்போது அறிகிறோம். தன் இரும்பைத் தானே தீட்டாதவன், அந்நியனுக்கு வெள்ளி நிறுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

இதை வாசித்தபோது எனக்கு ஏன் வெட்கமாயிருந்தது என்று சொல்லுகிறேன். கடனைப்பற்றி நான் செய்த அந்தப் பிரசங்கத்தின் குறிப்பு என்னுடையதல்ல. இணையத்தில் யாரோ எழுதியதை எடுத்து, இரண்டு உதாரணங்களைச் சேர்த்துப் பேசினேன். அந்தச் சகோதரருக்காக நான் ஒரு மணி நேரங்கூட முழங்காலில் நின்று வார்த்தை தேடவில்லை.

தாவீதின் பாவத்தை எடுத்துச்சொல்லப் போன நாத்தான் தீர்க்கதரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். 2 சாமுவேல் 12ஆம் அதிகாரம். சபையைக் கூட்டி, விபசாரத்தைப்பற்றிப் பொதுவாக அவர் பிரசங்கிக்கவில்லை. அரசனிடம் நேரே போனார். ஓர் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னார். ஆடு மேய்த்து வளர்ந்தவனின் இருதயம் எங்கே திறந்திருக்கும் என்று அறிந்து தீட்டிய கதை அது. அதன்பின், அந்தக் கொடியவன் அரசனே என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். தாவீது அந்த இடத்திலேயே உடைந்தான். அந்த இடத்திலேயே மன்னிப்பின் செய்தியையும் கேட்டான். ஏசாயா 49ஆம் அதிகாரத்தில், கர்த்தருடைய தாசன் தன்னைத் துலக்கப்பட்ட அம்பாகக் காண்கிறான். அந்த அம்பு உடனே எய்யப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அது தூணியில் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

அக்டோபர் முதல் தேதி வந்தது. பெரியவர் விடியுமுன் வடக்கே புறப்பட்டுப் போனார். நான்கு நாட்களுக்குப்பின் வெறுங்கையோடு திரும்பினார். மான் வரவில்லையா என்று கேட்டேன். "வந்தது. இரண்டு தடவை. ஒன்று நாற்பது கஜத்தில் நின்றது. என் வில்லுக்கு அது தூரம். இன்னொன்று கிட்டத்தில் வந்தது, ஆனால் எனக்கு நேரே முகத்தைக் காட்டி நின்றது, பக்கவாட்டில் திரும்பவேயில்லை." பிறகு தூணியிலிருந்து அம்புகளை எடுத்து, ரப்பர் பட்டை ஒன்றை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு முனையையும் அதன்மேல் மெல்ல வைத்துப் பார்த்தார். தொட்டதும் அறுந்தால் கூர் இருக்கிறது. ஒன்றில் மட்டும் பட்டை அறாமல் நெளிந்தது. எய்யாமலே, தூணியில் உராய்ந்தே கூர் குறைந்திருந்தது. அதைத் தோலில் தீட்டத் தொடங்கினார். "கூராக இருக்கிறது என்பதற்காக எய்துவிட முடியாது, பாஸ்டர். கிட்டப் போக வேண்டும்" என்றார்.

கிட்டப் போக வேண்டும். பிரசங்கபீடத்துக்கும் மூன்றாம் வரிசைக்கும் இடையே இருந்த தூரம் அப்போது எனக்கு விளங்கிற்று.

அந்த வாரமே சகோதரரின் வீட்டுக்குப் போனேன். போகுமுன் மூன்று நாட்கள் ஜெபித்து, சொல்லவேண்டியதை ஒரு தாளில் எழுதினேன். முதலில் ஒரு பக்கம் வந்தது. அதில் பாதி என் நியாயங்கள், அடித்தேன். கால்வாசி என் கோபம், அதையும் அடித்தேன். கடைசியில் ஐந்து வாக்கியங்கள் எஞ்சின.

அவர் கதவைத் திறந்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்ல அவருக்குச் சற்றுநேரம் பிடித்தது. அமர்ந்ததும் சொன்னேன்: "தம்பி, உங்களிடம் நேரே பேசாமல் பீடத்திலிருந்து பேசியது என் பாவம். உங்களை எல்லார் முன்பாகவும் தலைகுனிய வைத்தேன், மன்னியுங்கள். நீங்கள் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இல்லாதபோது உண்டு என்று சொல்வதை இன்றோடு நிறுத்த வேண்டும். அந்தக் குடும்பங்களிடம் நீங்கள் போகும்போது, நீங்கள் விரும்பினால், நான் உங்களோடு வருகிறேன்."

அறையில் நெடுநேரம் மௌனம். அவருடைய மனைவி சமையலறை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். சகோதரர் தரையைப் பார்த்தபடியே, "ஐயா, இதை அன்றைக்கே நீங்கள் சொல்லியிருந்தால், நான் ஏழு மாதம் தூங்காமல் இருந்திருக்க மாட்டேனே" என்றார்.

பிரியமானவர்களே, என் ஊழிய காலத்தில் என்மேல் சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளில் இதைப்போல ஆழமாக இறங்கியது வேறொன்றும் இல்லை. அது கூராயிருந்தது. அதில் பிசிறு இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். கடன் முழுவதும் தீரவில்லை. மாதந்தோறும் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு குடும்பம் இன்னும் அவரோடு பேசுவதில்லை. அவர் சபைக்கு எல்லா ஞாயிறும் வருவதில்லை. வரும் நாட்களில் கடைசி வரிசையில் அமர்கிறார். அவரைத் திரும்பிப் பாராதிருங்கள். பக்கத்தில் போய் அமருங்கள்.

நான் அராவி அராவி ஓரத்தை உருட்டிவிட்ட அந்த முதல் முனையைப் பெரியவர் எனக்கே கொடுத்துவிட்டார். "மானுக்கு உதவாது. கடித உறை பிரிக்க வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அது என் மேசையில், வேதாகமத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. சனிக்கிழமை இரவுகளில் பிரசங்கக் குறிப்பை முடித்துவிட்டேன் என்று எண்ணும்போது, சிலவேளை அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறேன்.

இந்த வாரத்தில் உங்களுக்கு ஒரு சிறிய வேலை தருகிறேன். யாரிடமாவது சொல்லவேண்டிய ஓர் உண்மையை நெடுநாளாக அரைகுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களா? மகனிடமோ, மருமகளிடமோ, கூடப்பிறந்தவரிடமோ, உங்கள் போதகனிடமோ? அதை எழுதிப் பாருங்கள். உங்கள் பயம் படிந்த ஓரம் எது என்று தேவனுடைய வெளிச்சத்தில் பாருங்கள். கோபத்தின் பிசிறைத் தோலில் இழுத்து எடுத்துவிடுங்கள். எஞ்சியதை எடுத்துக்கொண்டு, கிட்டப் போங்கள்.

ஜெபிப்போம்: இரக்கமுள்ள பிதாவே, மென்மை என்ற பெயரில் நாங்கள் பிறரைக் குற்றுயிராய் விட்டுவந்த இடங்களுக்கு எங்களைத் திரும்ப அழைத்துச் செல்லும். சொல்லவேண்டியதைச் சொல்லத் தைரியமும், அதைத் தீட்டும்வரை காத்திருக்கப் பொறுமையும் தாரும். நாங்கள் காயப்படுத்தியவர்களை நீரே தேடிக் கண்டு குணமாக்கும். எங்கள் இரட்சகராகிய இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.